தலைகீழாகச் சொன்ன ரேவதி

துடியலூர் பஸ் ஸ்டாப்பை ஒட்டிய எஸ்.டி.டி. பூத்தில் வரிசையில் நிற்கும்போதுதான் அது என் மண்டையில் உறைத்தது.

சனிக்கிழமை சாயங்காலம். மேட்டுப்பாளையம் பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகின்றன. பூத்தின் கண்ணாடிக் கதவு சாத்தாது. அட்டையை மடித்துச் சொருகி வைத்திருப்பார்கள். உள்ளே ஊதுபத்தி வாசனையும், நூறு பேர் காதில் வைத்த ரிசீவரின் வியர்வை வாசனையும் கலந்து அடிக்கும்.

எனக்கு முன்னால் ஒரு அம்மா. மோட்டாருக்குக் கம்பிச்சுருள் சுற்றும் கம்பெனியிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும், புடவையில் வார்னிஷ் நெடி. பக்கத்தில் பள்ளி யூனிஃபார்மில் ஒரு சிறுமி, கால் நுனியில் எம்பி நின்றாள்.

"நம்பர் சொல்லுங்க" என்றார் பூத்காரர்.

அந்த அம்மா மகளைப் பார்த்தார். மகள் சொல்ல ஆரம்பித்தாள். முதலில் ஊரின் எஸ்.டி.டி. கோடு, பிறகு நம்பர். ஒவ்வொரு எண்ணுக்கும் வாலில் ஒரு 'ங்க' போட்டு, ஏதோ ஆளுக்கொரு மிட்டாய் கொடுப்பதைப்போல நிதானமாகச் சொன்னாள். கையில் துண்டுச் சீட்டு கிடையாது.

லைன் கிடைக்கவில்லை. "மறுக்காச் சொல்லு கண்ணு." மறுபடி சொன்னாள், ஒரு எண் பிசகவில்லை. அப்போதும் என்கேஜ்டு. "பக்கத்து மண்டி நம்பரைச் சொல்லுடி, அப்பன் அங்க இருந்தாலும் இருப்பாரு" என்றார் அம்மா. அதையும் சொன்னாள்.

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். ஏனென்றால் அந்தச் சிறுமியை எனக்குத் தெரியும். பெயர் ரேவதி, மூன்றாம் வகுப்பு. இரண்டு நாளைக்கு முன்னால் வியாழக்கிழமை அவளுக்கு ஞாபகசக்தி டெஸ்ட் வைத்தோம். மூன்று எண்களைக்கூட நினைவில் வைத்துக்கொள்ளத் தெரியாத பிள்ளை என்று முடிவு கட்டியிருந்தோம்.

வியாழக்கிழமை நடந்தது

நான் அப்போது எம்.ஏ. சைக்காலஜி இரண்டாம் வருஷம். எங்கள் பேராசிரியர் பள்ளிகளுக்குப் போய்க் குழந்தைகளின் ஞாபகத்தையும் கவனத்தையும் அளந்து ரிப்போர்ட் கொடுப்பார். ஸ்டாப்வாட்சைப் பிடிப்பதும் டெஸ்ட் சாமான் அடங்கிய மரப்பெட்டியைத் தூக்குவதும் என் வேலை. பெட்டியைப் பற்றி இந்தத் தொடரில் போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு, "பெட்டிக்குள் மனசையா வைத்திருந்தீர்கள்?" என்று பல்லடத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். இல்லை அம்மணி. மரக்கட்டைகளும் படங்களும்தான்.

அந்தச் சமயத்தில் எங்கள் பக்கம் மெட்ரிகுலேஷன் பள்ளிகள் மழைக் காளான்போல முளைத்துக்கொண்டிருந்தன. நூற்றுக்கு நூறு ரிசல்ட் என்று போர்டு வைக்க வேண்டுமானால் மெதுவாகப் படிக்கிற பிள்ளையைப் பத்தாவது வரைக்கும் வைத்திருக்க முடியாது. மூன்றாம் வகுப்பிலேயே சலித்துவிடுவது வசதி. அதற்கு ஒரு சயன்டிஃபிக் காரணம் வேண்டும். அந்தக் காரணம்தான் நாங்கள்.

ரேவதி படித்த பள்ளியிலும் அதேதான். "இவ வாயே தொறக்கறதில்லீங்க சார். டெஸ்ட்டுல என்ன வருதுன்னு பாத்துட்டு டி.சி. குடுத்தர்லாம்" என்று ஹெட்மிஸ்ட்ரஸ் அவள் காது கேட்கவே சொன்னார். ஞாபகம் இல்லை, கவனம் இல்லை என்று எங்கள் ரிப்போர்ட்டும் சேர்ந்து போனால் அதற்குப் பிறகு எந்த நல்ல பள்ளி அவளைச் சேர்க்கும்?

டெஸ்ட்டில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. பெரியவர் உணர்ச்சியில்லாத குரலில் சில எண்களைச் சொல்வார். குழந்தை அவற்றை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். எண்களைக் கூட்டிக்கொண்டே போவார்கள். அது முடிந்ததும் இரண்டாம் பகுதி: சொன்ன எண்களைக் கடைசியிலிருந்து தலைகீழாகச் சொல்ல வேண்டும். நேராகச் சொல்வது சுலபம், தலைகீழ் கஷ்டம். உலகம் பூராவும் அப்படித்தான்.

பேராசிரியர் சொன்னார்: "அஞ்சு, எட்டு, ரெண்டு."

ரேவதி அவர் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் மேஜையைப் பார்த்தாள்.

"சொல்லும்மா. நான் சொன்னதை அப்படியே சொல்லணும்."

உதட்டை உள்ளே மடித்து இறுக்கிக்கொண்டாள். இன்னொரு வரிசை சொன்னார். உதடு இன்னும் இறுகியது. பேராசிரியர் பூஜ்யம் போட்டார்.

வேறு யாராவது இருந்தால் அதோடு பெட்டியை மூடியிருப்பார்கள். ஆனால் எங்கள் சார் விதி தவறாதவர். முதல் பகுதியில் பூஜ்யம் வந்தாலும் இரண்டாம் பகுதியையும் வைக்க வேண்டும் என்று டெஸ்ட் கையேட்டில் இருந்தது, வைத்தார்.

"இப்ப நான் சொல்றதைத் தலைகீழாச் சொல்லணும். அஞ்சு, எட்டு, ரெண்டு."

"ரெண்டுங்க, எட்டுங்க, அஞ்சுங்க."

மடித்திருந்த உதடு எப்போது விரிந்தது என்றே தெரியவில்லை. நாலு எண், பிறகு ஐந்து. அவள் பாட்டுக்குப் பின்னாலிருந்து உருவிக்கொண்டே வந்தாள். சார் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"இந்த 'ங்க'வெல்லாம் வேண்டாம்மா" என்றார் அவளிடம்.

"சரீங்க" என்றாள்.

வெளியே வந்ததும் கேட்டேன், "சார், தலைகீழா வருது. நேரா வரலையே?"

"குருட்டாம்போக்குல வந்திருக்கும். இல்லேன்னா கவனம் ஒரு நிலையில இல்ல. அப்படித்தான் எழுதப்போறேன். திங்கட்கிழமை டைப் அடிச்சு அனுப்பிடலாம்."

கோலம் இல்லாத வீடு

இங்கே ஒரு நிமிஷம் நிற்கிறேன்.

நான் சைக்காலஜி படிக்கப் போகிறேன் என்றதும் எங்கள் வீட்டில் நடந்த கூத்தை முதல் வாரமே எழுதியிருக்க வேண்டும். "பைத்தியத்துக்குப் படிக்கிற படிப்பா?" என்றார் அப்பா. கல்யாண வீடுகளில் சித்தப்பா, மாமா என்று ஆளாளுக்கு வந்து, "இப்ப நா மனசுல என்ன நெனைக்கறேன், சொல்லு பாக்கலாம்" என்பார்கள். "பந்தி எப்பப் போடுவாங்கன்னு நெனைக்கறீங்க" என்பேன். பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும்.

ஆனால் அந்த மரப்பெட்டி வந்ததிலிருந்து என் மனசில் ஒரு முள். அதில் ஒரு படம் உண்டு: ஒரு வீடு, கூரை, கதவு, ஜன்னல். "இதில் எது குறைகிறது?" என்று கேட்க வேண்டும். கூரைமேல் புகைபோக்கி இல்லை என்பதுதான் சரியான விடை. எந்தப் பனி தேசத்தில் வரைந்ததோ. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் உற்றுப் பார்த்துவிட்டு, "வாசல்ல கோலமில்லீங்க" என்பார்கள். தப்பு. பூஜ்யம்.

கோலம் இல்லாத வாசலைக் கண்டுபிடிக்கக் கவனம் வேண்டாமா? அந்தக் கவனத்துக்கு மார்க் கிடையாதா? அப்போதே கேட்டேன். "படத்தை மாத்தறது நம்ம வேலை இல்லம்மா" என்றார் சார்.

சரி, பூத்துக்கு வருவோம்.

"அது பழிப்புங்க"

போன் பேசி முடித்து வெளியே வந்தவர்களை மறித்தேன். நான் போன் பேச வந்ததையே மறந்து போனேன்.

"ஏனுங்க, நான் வியாழக்கிழமை உங்க பொண்ணோட ஸ்கூலுக்கு வந்திருந்தனுங்க."

அந்த அம்மாவின் முகம் சுருங்கியது. பெயர் வசந்தாமணி என்று பிறகு தெரிந்தது. "டெஸ்ட்டு வெச்ச டீச்சருங்களா? பெரிய டீச்சரு சொன்னாங்க, இவ ஒண்ணுமே சொல்லுலன்னு. ஊட்டுல வாய் ஓயாதுங்க இவளுக்கு."

நான் ரோட்டோரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். "ரேவதிக் கண்ணு, இத்தன பெரிய நம்பரு சொல்றியே. அன்னைக்கு சாரு மூணே மூணு சொன்னாரு. ஏன் சொல்லல?"

அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சாரு என்னங்க கேட்டாரு?" என்றார் வசந்தாமணி.

"ஒண்ணுமில்லீங்க. அவரு சொல்ற நம்பரை அப்படியே திருப்பிச் சொல்லணும். இப்படி." ரேவதியைப் பார்த்தேன். "ஏழு, ஒண்ணு, நாலு. சொல்லு பாக்கலாம்."

அதே உதடு. அதே மடிப்பு.

வசந்தாமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "ஏனுங்க டீச்சரு, அத்தாம் பெரிய மனுசனை இவளைப் பழிப்புக் காட்டச் சொன்னீங்களா?"

நான் விழித்தேன்.

"எங்கூட்டுல ரெண்டு ஆகாதுங்க. பெரியவங்களை எதுத்துப் பேசறது ஒண்ணு, அவங்க சொன்னதையே திருப்பிச் சொல்றது ஒண்ணு. சின்னதுல ஒருக்கா இவங்கப்பன் 'சோத்தைப் போடு'ன்னாரு. இவளும் அதே மாதிரி கொரலை வெச்சு 'சோத்தைப் போடு'ன்னா. வெச்சுப்போட்டேன் வாய்மேல ஒண்ணு. அதோட செரி."

"அது பழிப்புங்க" என்றாள் ரேவதி, முதல் முறையாக என் கண்ணைப் பார்த்து. ஏதோ எனக்குத்தான் வளர்ப்பு சரியில்லை என்பதுபோல.

"அப்ப தலைகீழாச் சொன்னியே?"

"தலைகீழாச் சொன்னா வெளையாட்டுங்க."

மேட்டுப்பாளையம் பஸ் ஒன்று எங்களைத் தாண்டிப் போனது, மேலே காலி காய்கறிக் கூடைகள் ஆடிக்கொண்டிருந்தன. எனக்கு வியாழக்கிழமையின் மற்ற பிள்ளைகள் ஒவ்வொருவராக ஞாபகம் வந்தார்கள். எண்ணைத் திருப்பிச் சொல்லும்போது வாயைப் பொத்திக்கொண்டு கிளுகிளுவென்று சிரித்தவர்கள். 'கவனக்குறைவு' என்று சார் எழுதினார். அவர்கள் கவனமாகத்தான் இருந்திருக்கிறார்கள். ஒரு பெரிய மனிதர் தன்னையே பழிப்புக் காட்டச் சொல்கிறாரே என்ற ஆச்சரியத்தில் சிரித்திருக்கிறார்கள்.

நான் ஆர்.எஸ்.புரத்தில் கான்வென்ட்டில் படித்தவள். சிஸ்டர் சொன்னதைத் தனியாக எழுந்து நின்று திருப்பிச் சொல்லியே வளர்ந்தவள். பத்து மைலுக்குள் இப்படி வேறொரு மரியாதை இருக்கும் என்று எங்கள் கையேடு சொல்லவில்லை.

சாரின் வீட்டு வாசலில்

ஞாயிற்றுக்கிழமை காலையில் சார் வீட்டுக்குப் போனேன். அவர் மெட்ராஸ்காரர், பேப்பரை மடிக்காமலே நான் சொன்னதைக் கேட்டார்.

"சுவாரஸ்யமா இருக்கு. ஆனா அவ வகுப்புல டீச்சர் சொல்றதைத் தினமும் திருப்பிச் சொல்றா இல்லையா? அது பழிப்பு இல்லையா?"

நல்ல கேள்வி. நான் அதை ரேவதியிடமே கேட்டிருந்தேன், அவள் சொன்னதைச் சாரிடம் சொன்னேன். "அது எல்லாரும் சேந்து ராகமாச் சொல்றதுங்க சார். இது தனியா, முகத்துக்கு நேரா, உங்களை மாதிரி ஒரு பெரியவர்கிட்ட."

"இருக்கட்டும். கையேட்டுல இருக்கிற வாக்கியத்தை மாத்தினா அது வேற டெஸ்ட்டாயிடும்."

"அப்ப வேற டெஸ்ட்தான் சார் வேணும்."

பேப்பரைத் தாழ்த்தினார். "ஏம்மா, எல்லாப் பிள்ளைக்கும் ஒரே கேள்வியைக் கேட்டாத்தான் நம்பருக்கு மதிப்பு. இவளுக்கு ஒண்ணு, அவனுக்கு ஒண்ணுன்னு கேட்டா அளக்கவே முடியாது."

"ஒரே கேள்வியை எங்க சார் கேட்டோம்? என்கிட்ட கேட்டா அது ஞாபகம். ரேவதிகிட்ட நாம கேட்டது, 'என்னைக் கேலி பண்ணு'ன்னு. அவ மாட்டேன்னுட்டா. அதுக்கு நாம பூஜ்யம் போட்டிருக்கோம்."

"ரிப்போர்ட் நாளைக்குப் போகணும்" என்றார்.

"அதுக்குள்ள நான் ஸ்கூலுக்குப் போய்ட்டு வாரேன் சார்."

"என் அனுமதி இல்லாமலா?"

நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். "அனுமதி கேட்டுத்தான் சார் வந்தேன். நீங்க குடுக்கல."

இப்போது எழுதும்போதும் அந்த வாக்கியத்துக்காக எனக்குத் துளிகூட வருத்தமில்லை.

செத்த போன்

திங்கட்கிழமை முதல் பஸ். துடியலூரில் இறங்கி பூத்காரரிடம் ஒரு செத்த போனைக் கேட்டேன். மூலையில் தூசியோடு கிடந்த ஒரு சிவப்புக் கருவியை எடுத்துத் துடைத்து, "எதுக்குங்க அம்மணி? இதுல யாரும் பேச மாட்டாங்க" என்றார்.

"எனக்கு ஒரு ஆளு பேசுனாப் போதும்ணா" என்றேன்.

ஹெட்மிஸ்ட்ரஸ் அறையில் போனை மேஜைமேல் வைத்தேன். ரேவதியை மேஜைக்கும் எனக்கும் நடுவில் நிறுத்தினேன்.

"கண்ணு, பெரிய டீச்சருக்கு ஒரு போன் போடணும். நான் உன்கிட்ட நம்பரு சொல்லுவேன். நீ போய் அவங்ககிட்ட சொல்லு. அவங்க சுத்துவாங்க."

அவ்வளவுதான். அதே எண்கள், அதே குரல், அதே இடைவெளி. ஒன்றுதான் மாறியது. என் முகத்தைப் பார்த்து என் வார்த்தையை எனக்கே திருப்ப வேண்டியதில்லை. தகவலை இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். தகவல் சொல்வது அவள் வீட்டில் நல்ல பிள்ளையின் வேலை.

"அஞ்சுங்க, எட்டுங்க, ரெண்டுங்க."

ஹெட்மிஸ்ட்ரஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு செத்த போனைச் சுழற்றினார். நாலு எண். ஐந்து. ஆறு. ஆறாவதுக்குப் பிறகு அவருக்கே ஆர்வம் தொற்றிக்கொண்டது. "இரு, நான் சொல்றேன்" என்று எழுந்து வந்து, திருப்பூரில் இருக்கும் தன் அக்கா வீட்டு நம்பரைக் கோடோடு சொன்னார். ரேவதி அதை வாங்கி என்னிடம் கொண்டுவந்து சேர்த்தாள்.

"எங்கூட்டுக்காரருக்கு இருவது வருசமா இந்த நம்பரு நெனப்புல நிக்கல" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ். பிறகு அதிகாரக் குரலுக்குத் திரும்பினார். "அதெல்லாஞ் செரிங்க. ஆனா சார் கையெழுத்துப் போட்ட பேப்பர்தானே கரஸ்பாண்டன்ட்டு கேப்பாரு? உங்களோட போன் வெளையாட்டை நான் எப்படிங்க ஃபைல்ல வெக்கறது?"

"சார் எழுதித் தர்ற வரைக்கும் டி.சி. எழுத மாட்டீங்கல்ல?"

அவர் ரேவதியைப் பார்த்தார். அவள் சிவப்பு போனின் சுருள் வயரை விரலில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுவரைக்கும் எழுதலீங்க. ஆனா சீக்கரம்" என்றார்.

ஒரு பெண்ணை வைத்து

நான் டிபார்ட்மென்ட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஹெட்மிஸ்ட்ரஸின் போன் சாருக்கு வந்துவிட்டது. இது உயிருள்ள போன்.

"உக்காரு" என்றார். அவர் அப்படிச் சொன்னால் நிற்பது உத்தமம். நான் உட்கார்ந்தேன்.

"ஒரு பொண்ணை வச்சுக் கதை எழுதலாம். டெஸ்ட் எழுத முடியாது."

"எத்தனை பேர் சார் வேணும்?"

அந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. நான் அழுவேன் என்றோ மன்னிப்புக் கேட்பேன் என்றோ நினைத்திருக்கலாம். பேனாவை மூடித் திறந்தார். ஆனால் அடிப்படையில் அவர் வாத்தியார். யோசனை ஒன்று கண்ணில் பட்டால் விட முடியாது.

"வகுப்பு முழுக்க வை. பாதிப் பேருக்கு முதல்ல பழைய முறை, அப்புறம் உன்னோட போன். மீதிப் பேருக்கு முதல்ல போன், அப்புறம் பழையது. இல்லேன்னா பழகிப்போனதால நல்லா வந்துதுன்னு நானே சொல்லுவேன். ஒரு ஸ்கூல் போதாது. மேட்டுப்பாளையத்துல ஒண்ணு பாரு. ஆர்.எஸ்.புரத்துல உன்னை மாதிரி கான்வென்ட் பிள்ளைங்களும் வேணும். அவங்களுக்கு ரெண்டும் ஒண்ணாவே வந்து, இவங்களுக்கு மட்டும் வித்தியாசம் வந்தா, அப்ப பேசலாம்."

"அதுவரைக்கும் ரேவதி ரிப்போர்ட்டு?"

டைப் அடித்து வைத்திருந்த தாளை எடுத்துப் பார்த்தார். மேஜை டிராயரைத் திறந்து உள்ளே போட்டு மூடினார்.

"புதன்கிழமை நானே அந்தப் பொண்ணைப் பாக்க வர்றேன். பழைய முறையில இன்னொரு தடவை. உன் பேச்சு உண்மைன்னா, அது பழிப்பு இல்லன்னு புரிய வச்சா அவ நேராவும் சொல்லணும். சொல்ல வை."

நியாயமான சவால்தான். அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

அன்று சாயங்காலமே ரேவதி வீட்டுக்குப் போனேன். வசந்தாமணி டீ போட உள்ளே போயிருந்தார். மேட்டுப்பாளையம் மண்டியில் லோடு இறக்கிவிட்டு வந்த ரேவதியின் அப்பா கட்டிலில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவர் தூக்கம் கலையாமல் கிசுகிசுத்தேன்.

"புதன்கிழமை சாரு திரும்ப வாராரு கண்ணு. அவரு சொல்றதைத் திருப்பிச் சொன்னாப் பழிப்பு இல்லியாம். அவரே சொல்லச் சொன்னாரு."

யோசித்தாள்.

"அவருக்குக் கோவம் வராதுங்களா?"

"வராது."

"உங்களுக்கு எப்படித் தெரியுங்க?"

எனக்கு எப்படித் தெரியும்? கையேட்டில் அப்படி எதுவும் எழுதவில்லை. 'திருப்பிச் சொல்' என்று ஆணையிடத்தான் அதற்குத் தெரியும்.

ரேவதியே வழி சொன்னாள், ரொம்ப மரியாதையாக. "மொதல்ல நானு நம்பரு சொல்றனுங்க. சாரு என்னையப் பழிப்புக் காட்டட்டுங்க. அப்பறம் நானு காட்டறனுங்க."

பஸ்ஸில் திரும்பும்போது செத்த போன் என் மடியில் இருந்தது. என் புது டெஸ்ட்டின் முதல் வரி தயாராகிவிட்டது: 'முதலில் குழந்தை எண்களைச் சொல்லும். பெரியவர் திருப்பிச் சொல்ல வேண்டும்.'

புதன்கிழமை காலை, மூன்றாம் வகுப்பின் குட்டை பெஞ்சில், கண்ணாடி போட்ட மெட்ராஸ்காரர் ஒருவர் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, ரேவதி சொல்லச் சொல்ல, 'ங்க' உட்பட ஒன்றையும் விடாமல் திருப்பிச் சொல்லியாக வேண்டும். அவரிடம் இதை இன்னும் நான் சொல்லவில்லை.